இறங்குதுறையில் ஒரு வழிசொல்லி

ஊர்வன, பறப்பன, நீந்துவன என்று உயிர்களை வகுத்து வைத்த நம் பெரியோர், கருணையினாலோ கவனக்குறைவினாலோ, ஓர் இனத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டனர். வழிசொல்லி என்பது அதன் பெயர். அது ஊர்ந்து வராது, பறந்தும் வராது. நீங்கள் ஒரு துன்பத்தோடு எங்கேயாவது அமர்ந்தால் போதும், உங்கள் அருகே அது முன்னமே அமர்ந்திருக்கும்.

இந்த இனம் எங்கும் வாழும். எனினும் செழித்து வளர்வதற்குக் குறிகட்டுவான் இறங்குதுறையைப் போன்ற இடம் வேறில்லை. ஏனென்று கேட்கிறீர்களா? பேருந்து அங்கே முடிந்துவிடுகிறது. நயினாதீவுப் படகோ இன்னும் வரவில்லை. முன்னே கடல், பின்னே வெயில். எழுந்து போக முடியாத மனிதரே வழிசொல்லிக்கு இயற்கை அளித்த இரை.

புங்குடுதீவுச் செல்வரத்தினத்தாரை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் தென்னிலங்கையில் கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய கல்வீட்டில் பிறந்து, லண்டனில் இருக்கும் தமையனார் அனுப்பும் பணத்தில் அவ்வீட்டுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடித்து, ஒரு கடன் விண்ணப்பத்திலேனும் கையெழுத்திடாமல் முதுமை எய்திய அந்தப் புண்ணியவான், வீட்டுக்கடனில் தவிப்போருக்கு வழிகாட்டுவதையே தம் பிறவிப்பயனாகக் கொண்டிருந்தார். காலையில் நீராடித் திருநீறு பூசித் துறைக்கு வருவார். முகங்களைப் பார்ப்பார். வங்கிக் கடிதம் வந்த முகம் அவருக்குத் தெரியும்.

ஜெகதீசின் முகம் அப்படிப்பட்டது. அடியார்களைத் தன் வாடகை வான் வண்டியில் ஏற்றிவந்து, அவர்கள் நயினாதீவு அம்மனைத் தரிசித்துத் திரும்பும்வரை துறையில் காத்திருப்பது அவன் தொழில். வேலணையில், மனைவி நிமலினியின் சீதனக் காணியை வங்கியில் ஈடு வைத்து ஒரு வீடு கட்டியிருந்தான். வட்டி ஏறியது, எண்ணெய் விலை ஏறியது, வானில் ஏறுவோர்தாம் குறைந்தனர். தவணைகள் தவறவே வங்கி ஒரு கடிதம் அனுப்பியது: நேரில் வாருங்கள், கடன் காலத்தை நீட்டலாம், சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டலாம், பேசி முடிவு செய்வோம்.

"வரச்சொல்லி எழுதியிருக்கிறானோ?" கடிதத்தைப் பிரிக்காமலே கேட்டார் செல்வரத்தினத்தார்.

"ஓம் அண்ணை. நாளைக்கே போவமெண்டு நிமலினி சொல்லுறா."

"போகாதையும்! போனால், கட்ட ஏலாதெண்டு உம்மடை வாயாலயே ஒப்புக்கொண்டதாப் போகும். அவன் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான். இரும், நான் ஒரு வழி சொல்லுறன்."

ஒன்றா சொன்னார்? கனடாவில் இருக்கும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் அழலாம். அம்மனுக்கு நேர்த்தி வைக்கலாம். ஆவணியில் ஊர் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு முன்னறையைக் குளிரூட்டி வாடகைக்கு விடலாம். குளிரூட்டிக்கு வேண்டுமானால் இன்னொரு கடன் எடுக்கலாம். வங்கிக்குப் போவதைத் தவிர உலகத்து வழிகள் யாவும் அவரிடம் இருந்தன.

அவற்றுள் மணிமுடியென அவரே கருதியது ஒற்றி வழி. தீவகத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: காணியை ஒற்றிக்குப் பிடித்தவன் அதிலுள்ள தேங்காயையும் பனம்பழத்தையும் தானே எடுத்து அனுபவிப்பான், ஆகையால் வட்டி கேட்கமாட்டான். பாட்டனார் காலத்துக் காணி உறுதிப் பத்திரங்களை எழுத்தெண்ணி வாசித்திருந்த செல்வரத்தினத்தாருக்கு, வங்கியில் வைத்த ஈடும் அதுவேதான் என்பதில் ஐயமே எழவில்லை.

"உம்மடை வளவில எத்தினை தென்னை?"

"ஒன்பது, அண்ணை."

"பிறகென்ன? தேங்காயைப் பறிக்காமல் விட்டது அவன்ரை பிழை. வட்டியைக் கழிக்கச் சொல்லும்!"

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஜெகதீசுக்கு வரவில்லை. வீடு போய்விடுமோ என்று அஞ்சுகிறவன் செவியில், உரத்துச் சொல்லப்படுவதெல்லாம் அறிவாகவே விழும். வங்கியிலிருந்து அழைப்பு வந்தபோது, செல்வரத்தினத்தார் அருகிலிருந்து தலையசைக்க, அவன் சொல்லியேவிட்டான்:

"சேர், வளவில ஒன்பது தென்னை நிக்குது. தேங்காயை நீங்கள் எடுங்கோ, வட்டியை விடுங்கோ."

மறுமுனையில் தாள்களைப் புரட்டும் ஓசை. பிறகு, "தம்பி, தயவுசெய்து ஒருக்கா நேரில வாங்கோ."

"பாத்தீரோ? பயந்திட்டான்!" என்றார் வழிசொல்லி.

பயந்துபோன வங்கி மேலும் சில கடிதங்களை அனுப்பியது. அவை பிரிக்கப்படாமலே வானின் முன்தட்டில் வெயில் காய்ந்தன. பின்னர் அது கடிதம் அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பத்திரிகையில் ஏல அறிவித்தல் போட்டது. நிமலினியின் முழுப்பெயர், கிழக்கு எல்லையான ஒழுங்கை, வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் என எல்லாம் அதில் இருந்தன. ஊர் முழுவதும் வாசித்தது.

அன்று நிமலினி எவரிடமும் வழி கேட்கவில்லை. கணவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

"முதல் கடிதத்துக்கே வந்திருந்தால் காலத்தை நீட்டித் தந்திருப்பம், அம்மா," என்றார் முகாமையாளர். "இப்ப நிலுவை முழுதையும் கட்டினால்தான் ஏலத்தை நிப்பாட்டலாம்."

கட்டினார்கள். எதைக் கொண்டு? வானை விற்று. வீடு தப்பியது. ஜெகதீஸ் இன்று அதே வானை அதே துறைக்கு ஓட்டி வருகிறான், வாங்கியவனிடம் நாட்கூலி பெற்றுக்கொண்டு.

செல்வரத்தினத்தார் மனம் வருந்தினாரா? மிகவும் வருந்தினார். தம்மைக் கேளாமல் விற்றுவிட்டார்களே என்று.

"வானை வித்தது பெரும் பிழை, பிள்ளை," என்றார், கோயிலுக்குப் போகப் படகு பார்த்து நின்ற நிமலினியிடம். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் வேற வழி சொல்லியிருப்பன்."

"அண்ணை, உங்கடை வீட்டை எப்பவாவது ஈடு வைச்சனீங்களோ?"

"எனக்கென்ன தலையெழுத்து, ஈடு வைக்க?"

"அதுதானே. மற்றவையின்ரை வீடெண்டால் துணிவு தன்பாட்டில வரும்."

அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு கணம் அவர் காதோரம் சுட்டது. மறுகணம், துன்பப்பட்டவள் வாயில் வந்த கடுஞ்சொல்தானே என்று பெருந்தன்மையோடு மன்னித்தார். அவள் படகேறியதும், வங்கியின் பெயர் பொறித்த உறையொன்றைக் கையில் மடித்துப் பிடித்தபடி பேருந்திலிருந்து இறங்கிய நெடுந்தீவு ஆசிரியர் ஒருவர் பக்கமாகச் சற்றே நகர்ந்து அமர்ந்தார்.

வாசகரே, இதுவரை அவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். இப்போது நெஞ்சைத் தொட்டு ஒன்று சொல்லுங்கள். வானை விற்காமலே அந்த நிலுவையைக் கட்டியிருக்கலாம், அதற்கு ஒரு வழி உண்டு, பாவம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்று, சில வரிகளுக்கு முன்பிருந்தே உங்கள் நாக்கு நுனியில் ஏதோ வந்து நிற்கிறதல்லவா?

அதை அந்த ஆசிரியரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் இன்னும் வங்கிக்குப் போகவில்லை.