மூன்றாம் நாள், கடைசி பக்கெட்

பெண் பார்க்கப் போன வீட்டில் என்னை யாரும் முதலில் பார்க்கவில்லை. முகர்ந்தார்கள். அதற்கு முழுக் காரணமும் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணப் பேச்சு தொடங்கியதும், கடைசியாக ஒருமுறை சுதந்திரமாகச் சுற்றிவிட வேண்டும் என்று தோன்றியது. (என்னமோ அதுவரை சிறையில் இருந்தது போல.) மலைமேல் ஒரு சின்ன ஊர், முதுகுப் பையோடு வருகிறவர்கள் தங்கும் விடுதி. சுவரெல்லாம் காளான் ஓவியம். எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. எனக்கு மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் பஸ் ஏறி, ஊரில் இறங்கியதும் நேராகப் பெண் வீட்டுக்குப் போகவேண்டும்.

குளியல்தான் சிக்கல். விறகு பாய்லரில் ஒரு நாளைக்கு மூன்று பக்கெட் வெந்நீர். தங்கியிருந்ததோ ஒன்பது பேர். பச்சைத் தண்ணீரில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். பழவேற்காடு ஏரியில் நண்டோடு நண்டாக வளர்ந்தவன், அத்தோடு விரலைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு, யாரும் கேட்காமலே பஞ்சாயத்தில் இறங்கினேன். எங்கள் கோட்டைக்குப்பத்தில் 'பாடு' என்று ஒன்று உண்டு. ஏரியில் இன்ன நாள், இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது. முன்னவர் வலையைத் தூக்காமல் அடுத்தவர் இறங்கக் கூடாது. மீறினால் ஊரே திரண்டுவிடும். இதை அரைமணி நேரம் விளக்கி, ஒரு கம்பளித் தொப்பியில் ஒன்பது சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். எனக்கு வந்தது ஒன்பது. மூன்றாம் நாள், கடைசி பக்கெட்.

அன்றைக்கே, ஒன்பது பேரில் ஒருத்தியான நிஷா என்ற பெங்களூர்ப் பெண் என்னிடம் வந்தாள். "அண்ணா, தலை அரிக்குது. எனக்கு ஏழாவது சீட்டு. ஒருத்தர்கிட்ட மாத்திக்கட்டுமா? அவருக்கு ஓகேவாம்."

"பாட்ட மாத்தக் கூடாதும்மா. இன்னிக்கு மாத்துனா, நாளைக்கு வெட்டுக்குத்துல போய் நிக்கும்" என்றேன். பாவம், தலையைச் சொறிந்துகொண்டே போனாள்.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு பஸ். நிஷா குளித்துவிட்டாள். எட்டாவது சீட்டு ஒரு கித்தார்க்காரருடையது. அவர் எழுந்திருப்பதே பதினோரு மணிக்கு. எழுப்பிக் கெஞ்சினேன். போர்வைக்குள்ளிருந்து, "டைம் இருக்கு ப்ரோ" என்று குரல் மட்டும் வந்தது. சரி, யாருக்குத் தெரியப்போகிறது என்று பக்கெட்டோடு பம்மிப் பம்மி பாய்லர் பக்கம் போனேன். அங்கே ஈரத்தலையோடு நிஷா.

"அண்ணா, பாட்ட மாத்தக் கூடாது."

மற்றவர்களும் கூடிவிட்டார்கள். சோம்பேறிகள் என்று நான் நினைத்த அத்தனை பேரும் மூன்றே நாளில் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நான் காலி பக்கெட்டை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பொன்னேரியில் வேனோடு வீட்டார் காத்திருந்தார்கள். நல்ல நேரம் முடிய முக்கால் மணிதான். ஏறியதும் அக்கா மூக்கைப் பொத்தினாள். "இன்னாடா இது, ஐஸ் இல்லாத மீன் வண்டி மாதிரி?" சட்டையை மாற்றி, அரை டப்பா பவுடரைக் கொட்டினார்கள். வாசனை இரண்டாகிவிட்டது.

பெண் வீடு பக்கத்துக் குப்பம். உட்கார்ந்த உடனே பெண்ணின் அப்பா கேட்டுவிட்டார். "இன்னா மாப்ள, ஒரு மாதிரி வாட வருதே?"

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. சம்பந்தம் கைநழுவிப் போனதென்றே முடிவு செய்து, தொப்பி முதல் நிஷா வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா மெல்லத் தொடையைத் தட்டினார். "ஊரு வுட்டு ஊரு போயும் பாடு வெச்சிக்கிறான்யா! அதுக்குக் கட்டுப்பட்டு குளிக்காமயே வந்துக்கிறான். இவன நம்பி பொண்ணு குடுக்கலாம்." (திருட்டுத்தனமாகப் பம்மியதை நான் சொல்லியிருக்கவில்லை.)

உள்ளேயிருந்து பெண்ணின் சிரிப்பு வெடித்தது. "எனக்கும் சம்மதம் நைனா. ஆனா மொதல்ல அவர குளிக்கச் சொல்லு."

எல்லோருக்கும் காப்பி வந்தது. எனக்குக் கொல்லையில் ஒரு பக்கெட் வெந்நீர்.

ஆறு வருடமாகிறது. விசேஷத்துக்கு உறவுக்கூட்டம் வந்து, வீட்டிலிருக்கும் ஒரே குளியலறைக்கு அடிதடி என்றால் சீட்டுதான். எழுதுவதும் மடிப்பதும் என் மனைவி தேவி. இதுவரை கடைசிச் சீட்டைத் தவிர வேறெதுவும் எனக்கு வந்ததில்லை. ஒருநாள் கவனித்தேன். என் சீட்டு மட்டும் டப்பாவிலிருந்து வருவதில்லை, அவள் உள்ளங்கையிலிருந்து வருகிறது. நியாயம் கேட்டேன். சீட்டை என் கையில் திணித்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தாள். கூட்டமே கோரஸாகச் சொன்னது:

"பாட்ட மாத்தக் கூடாது!"