கடிக்கக் கூடாத நேரத்தில் கடித்த மீன்

சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவர்களைக் குடும்பச் சுற்றுலாவுக்குத் திட்டம் போட விடக் கூடாது. கூட வருகிற மனிதர்களையும் சாஃப்ட்வேர் மாதிரியே நடத்துவார்கள். நான் நடத்தினேன்.

கம்பெனி என்னைக் கனடாவுக்குப் போகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா பிடிகொடுக்கவில்லை. "தனியா அங்கன போயி என்னத்தச் சமாளிப்ப?" என்பதையே வேறு வேறு குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். சமாளித்துக் காட்டுகிறேன் என்று இறங்கினேன். கனடாவில் குடும்பத்தோடு ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, வால்ஐ என்றொரு மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பார்களாம். அதையே சங்கரன்கோவில் பக்கம் செய்வது. வால்ஐக்குப் பதில் கெண்டை. (கெண்டையிடம் சம்மதம் கேட்கவில்லை.) ஒரு ராத்திரி எல்லாரையும் சிக்கலில்லாமல் தங்கவைத்துக் கூட்டிவந்தால் நான் போகலாம் என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

குருவிகுளம் போகிற வழியில், மழைக்கு நிரம்பிக் கிடந்த ஒரு குளம். கரையில் தங்க ஊர்த் தலைவரிடம் போனில் கேட்டாயிற்று. கூடாரம், கொசுவத்தி, மருந்துப் பெட்டி, மாற்று டார்ச், அந்த மாற்று டார்ச்சுக்கு ஒரு மாற்று. அண்ணனுக்கு விறகு. அம்மாவுக்குக் குழம்பு. அப்பாவுக்கு நான் கொடுத்த வேலை, யோசனை சொல்லாமல் உட்கார்ந்திருப்பது.

அவர் அதை அப்பழுக்கில்லாமல் செய்தார்.

தூண்டில் கம்பின் நுனியில் சின்ன மணி ஒன்று கட்டியிருந்தேன். மீன் இழுத்தால் அடிக்கும். மத்தியானம் முழுக்க அது அடிக்கவே இல்லை.

"ஏட்டி, குழம்பு கொதிக்கி. மீனத்தான் காணோம்" என்றாள் அம்மா.

"அந்தியிலதாம்மா கடிக்கும்."

அந்தியில் மூன்று பைக்குகள் வந்தன. முதலில் இறங்கியவர் டார்ச்சை நேராக என் முகத்தில் அடித்தார்.

"யாரு வே அது? தெனமும் மீனு களவு போகுது. இன்னைக்கு மாட்டுனிய!"

"ஊர்த் தலைவர்ட்ட கேட்டுட்டுத்தான் அண்ணாச்சி வந்தோம்."

"கரைய அவரு குடுப்பாரு. மீனு என்னுது. குளத்த நான்லா குத்தகைக்கு எடுத்திருக்கேன்!"

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். "குத்தகை இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்று முணுமுணுத்தார். "நீதான் வாயத் தொறக்கக் கூடாதுன்ன."

"ஸ்டேஷனுக்குப் போயிப் பேசுவமா சார்?" என்றார் குத்தகைக்காரர். சர்வீஸ் முழுக்க ஒரு மெமோ வாங்காமல் ரிட்டயர் ஆனவர் என் அப்பா. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, கனடா அந்தக் குளத்துக்குள் மெல்ல இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"ஒரு மீனுகூடப் புடிக்கல அண்ணாச்சி, நீங்களே பாருங்க."

பார்த்தார்கள். பை, வாளி, கூடாரம் எல்லாவற்றையும் கொட்டினார்கள். ஓர் ஆள் குழம்புச் சட்டிக்குள் கரண்டி விட்டுத் துழாவிவிட்டு, "வெறும் புளித்தண்ணிதான் அண்ணாச்சி" என்றான். என் தோல்வியை நினைத்து நான் என்றைக்கும் அவ்வளவு பெருமைப்பட்டது இல்லை.

குத்தகைக்காரரின் குரல் இறங்கியது. "நெசமாவே ஒண்ணும் கெடைக்கலியாம்மா?"

மணி அடித்தது.

குத்தகைக்காரர் டார்ச்சைக் குளத்துப் பக்கம் திருப்பினார்.

"அது என்ன சத்தம்?"

"ஆட்டு மணியா இருக்கும்" என்றான் அண்ணன். சுற்றுவட்டாரத்தில் ஆடே இல்லை.

மறுபடி அடித்தது. கம்பு வளைந்தது. அதுவரை 'கடி, கடி' என்று வேண்டியவள், 'விட்டுரு, விட்டுரு' என்று அதே சாமிகளிடம் கெஞ்சினேன். கம்பு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடியது. அதன் மேல் பாய்ந்து விழுந்தது நானில்லை, குத்தகைக்காரர்.

"ஏலே, விடாத, விடாத!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு, இடுப்பளவு சேற்றில் நின்று இழுத்துப் போட்டார். முழங்கை நீளக் கெண்டை. "எங் குளத்து மீனப் பாத்தீயளா சார்!" என்று அப்பாவிடமே காட்டிப் பூரித்தார். அப்புறம் அதை எங்களுக்கே விற்றார். (பைக்கில் தராசு இருந்தது.) அம்மாவின் குழம்பில் ஒரு கிண்ணம் சாப்பிட்டு, உப்புக் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா கொட்டிக் கிடந்த சாமான்களைப் பைக்குள் எடுத்துவைத்தார். கனடா பற்றி நான் கேட்கவில்லை, கேட்க என்ன மிச்சம் இருந்தது? கடைசியில் அவரே சொன்னார்.

"கனடாவுக்குப் போயிட்டு வா மக்கா. அங்கன உங்கப்பன யாருக்கும் தெரியாது."

இங்கே கனடாவுக்கு வந்ததும், குளிர்கோட்டுக்கு முன்னால் நான் வாங்கியது மீன்பிடி அனுமதி. போன கோடையில் நிஜமான வால்ஐ ஒன்றைப் பிடித்து, படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அம்மா எப்படிச் சமைப்பாய் என்று கேட்டாள். அண்ணன் ஆட்டுப் படம் அனுப்பினான். அப்பா மட்டும், நான் எந்தத் தண்ணீர்ப் பக்கம் நின்று படம் அனுப்பினாலும், அது நீச்சல்குளமாகவே இருந்தாலும், கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்:

"குத்தகைக்காரன்ட்ட கேட்டியாட்டி?"