நாற்பது ஞானிகளும் ஒரு பொட்டலம் உப்பும்

ஆலங்குடாவில் மீன் பிடிப்பதைவிட வரிசையில் இடம் பிடிப்பதுதான் இப்போது பெரும்பாடு. மந்திரிக்கிற வின்சன்ட் மாஸ்டரின் ஞானக் கணினி வந்திறங்கியிருந்தது. உச்சமுனையிலிருந்து வள்ளத்தில் வந்தார்கள். தலவிலைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தார்கள். நாற்பது ஞானிகளின் அறிவை மாஸ்டர் அதற்குள் இறக்கி வைத்திருக்கிறாராம். எந்த நாற்பது பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞானிகளிடம் பெயர் கேட்பது மரியாதையா?

திரை கேள்வி கேட்கும். வந்தவர் ஓம் அல்லது இல்லை என்று தொட வேண்டும். கடைசியில் யாருடைய கெட்ட கண் பட்டதால் இந்தக் கஷ்டம் என்று கணினி சொல்லும். பரிகாரத்துக்கு மாஸ்டர் மந்திரித்த உப்புப் பொட்டலம் கொடுப்பார். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த சனம், அந்த உப்பை வெள்ளி விலைக்கு வாங்கிக்கொண்டு போனது.

றோசாவின் கவலை மகன் ஜூட்டின் படகு எஞ்சின். கல்யாணத்துக்குப் பிறகு அது நடுக்கடலில் நின்று நின்று போனது. கணினி கேட்ட எல்லாவற்றுக்கும் றோசா ஓம் என்று தொட்டாள். பதில் வந்தது: "வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் கண்ணூறு. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவும்."

புதிதாக வந்த பெண் ஒருத்திதான். மருமகள் அனுஷ்கா, சிலாபத்துக்காரி.

"அம்மா, அவள் என்ன செஞ்சவள்?" என்றான் ஜூட்.

"நான் சொன்னா மாமியார்க் குணம் எண்டுவாய். மெசினுக்கு மருமகளோட என்ன கோபம்?"

அனுஷ்காவின் பை கட்டப்பட்டது. பஸ் ஏற்றும் முன் உப்பு வாங்க வேண்டுமே என்று, றோசா அவளைப் பையும் கையுமாக வரிசைக்குக் கூட்டிப்போனாள்.

"மாமி, போக முதல் நான் மாஸ்டரிட்ட ஒண்டு கேக்கவா?"

"கேள், புள்ள." பாவம், போகிறவள்தானே.

"மாஸ்டர், நேத்து உங்கட த்ரீவீல் நடுறோட்டில நிண்டதாமே. ஏனெண்டு இதிட்டயே கேப்பமா?"

"என்ட வீட்டில கண்ணூறுக்கு இடமில்ல!"

"அத இதுவும் சொல்லட்டுமே."

"கேளுங்க மாஸ்டர்!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பக்தர்கள் ஆசையாகக் கேட்டால் மறுக்க முடியுமா?

றோசா திரையைத் தொட, மாஸ்டர் பதில் சொன்னார். தூக்கம் கெடுகிறதா? இல்லை. தொழில் தடைப்படுகிறதா? இல்லை. யாரோடும் பகை உண்டா? இல்லவே இல்லை.

திரை சொன்னது: "வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் கண்ணூறு. அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பவும்."

எல்லாக் கண்களும் உப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவள் பக்கம் திரும்பின. மாஸ்டரின் மனைவி. போன கிறிஸ்மஸுக்குத்தான் கல்யாணம்.

"நானும் பைய கட்டவா?" என்றாள் அவள்.

"நீ பேசாம இரு!"

"நானா பேசினன்? உங்கட நாற்பது பேரும்தானே சொல்றாங்க."

றோசாவின் விரல் திரையிலேயே நின்றது. "நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டன். இவர் எல்லாத்துக்கும் இல்ல எண்டார். பதில் எப்பிடி ஒண்டாச்சு?"

அனுஷ்கா எட்டித் திரையின் மூலையில் எதையோ தட்டினாள். பெட்டி பெட்டியாக ஒரு படம் விரிந்தது. ஒவ்வொரு கேள்வியிலிருந்தும் இரண்டு அம்புக்குறி. எல்லாம் சுற்றிச் சுற்றி அடியிலிருந்த ஒரே பெட்டிக்குள் போய் விழுந்தன.

"இதுக்கு மந்திரமும் வேணாம், புரோகிராம் படிப்பும் வேணாம், மாமி. பெட்டி கீறி அம்பு போட்டாச் சரி. இறால் பண்ணையில நோய் வருத்தம் கண்டுபிடிக்க நானும் ஒண்டு செஞ்சிருக்கன்."

"அதுவும் இப்பிடித்தானா?"

"என்டதில ஓம் ஒரு பக்கம் போகும், இல்ல வேற பக்கம் போகும். 'தெரியாது, டாக்குத்தரக் கேளுங்க' எண்டும் ஒரு பெட்டி இருக்கு. இந்த நாற்பது பேரில ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லத் தெரியேல்ல."

கணினி களைத்துவிட்டது என்று மாஸ்டர் மூடினார்.

"அப்ப எஞ்சின் ஏன் நிண்டது, மகள்?"

"எனக்குத் தெரியாது, மாமி. மெக்கானிக்கக் கேப்பம்."

றோசா குனிந்து மருமகளின் பையைத் தானே தூக்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வீட்டை நோக்கி நடந்தாள். மெக்கானிக் வந்து எஞ்சினின் எண்ணெய்த் தாங்கியைக் கவிழ்த்தான். எண்ணெயில் பாதி தண்ணீர்.

மாஸ்டர் இப்போது வேறு கரையில் இருக்கிறாராம். அங்கேயும் நீண்ட வரிசையாம். வரிசையில் நிற்கிற பெருமக்களே, ஓம் என்று தொட்ட அதே விரலால் ஒரு தடவை இல்லை என்றும் தொட்டுப் பாருங்கள். விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது.