சங்கரம்மாளின் சாக்கும் மனுவும்

நாற்பத்தொரு நாள், ஆறு மணி நேரம். பழைய பீரங்கிக் குண்டு விஷயத்தைச் சமாளிக்க அந்த வருவாய் அலுவலகம் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். வல்லரசுகளே திணறும் காரியத்தில் கோவில்பட்டிப் பக்கத்து ஓட்டுக் கட்டடம் ஒன்று காட்டிய வேகத்தை வரலாறு மறக்காது. சங்கரம்மாளும் மறக்க மாட்டாள்.

2004 கோடையில், ஏதோ நாட்டுப் போர்க்களத்திலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கிய பழைய இரும்பை ஏற்றி வந்த லாரி அவள் புஞ்சையில் கவிழ்ந்தது. பொறுக்கியது போக மிச்சம் கரிசல் வெடிப்புக்குள் போனது. ஆவணியில் உழுதபோது மண் அதைத் திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ஒரு மனுவும் ஒரு சாக்குமாக அலுவலகம் வந்தாள். எழுத்தர் செண்பகராஜ் தலை நிமிரவில்லை. பூசணி, நிலக்கடலை என்று பொதுமக்கள் "அன்புடன்" கொண்டுவருவதை நிமிர்ந்து பார்ப்பது அங்கே நாகரிகம் அல்ல.

"சாக்க அங்கன மூலையில வையுங்க. மனுவத் திங்கக்கிழமை கொண்டாங்க."

"அண்ணாச்சி, அதுல..."

"தெரியும்க்கா. எல்லாரும் கொண்டாருததுதான்."

திங்கட்கிழமை அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று நீட்டிய மனு படிக்கப்பட்டது. அலுவலர் பூவனலிங்கம் எழுந்து நின்றே படித்தார். புஞ்சையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். குண்டு அகலும்வரை "விதைப்பு உள்ளிட்ட அதிர்வுகள்" தடைசெய்யப்பட்டன. குண்டைத் தொட்டவர், தூக்கியவர், பஸ்ஸில் ஏற்றியவர் எல்லோருக்கும் சிறை என்று ஓர் அறிவிப்பும் சுவரில் ஏறியது.

"நீங்க தொட்டீங்களாம்மா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் பூவனலிங்கம்.

"அங்கன கெடக்கத நான் தொடலய்யா." அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. "வெதைக்கது எப்பய்யா? பட்டம் தப்பிருச்சுன்னா வருசம் பூராக் கஞ்சிக்கு எங்கன போவேன்?"

"உயிர் முக்கியமா, உளுந்து முக்கியமா?"

"உளுந்து இல்லாட்டி உயிர எத வச்சுய்யா வளக்க?"

இந்தக் கேள்வி கோப்பில் ஏறவில்லை.

பிறகு வேலை "முழுவீச்சில்" நடந்தது. கிடப்பது இரும்பா, வெடிபொருளா என்று தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி காசிராஜனிடம் நிபுணர் கருத்து கேட்கப்பட்டது.

"மருந்து நமத்திருக்கும். மூணு நாள் வெயில்ல காயப்போட்டுப் பத்தவச்சுப் பாருங்க, தெரிஞ்சிரும்" என்றார் அவர். கருத்து நன்றியுடன் ஏற்கப்பட்டது. காயப்போடத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"தொடாதே, தட்டாதே" என்று விழிப்புணர்வுக் கூட்டங்கள் மூன்று அலுவலகத்திலேயே நடந்தன. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு துருப்பிடித்த இரும்பை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் பொருள்கள் அப்படித்தான் வரும்.

"உள்ள வந்து உக்காருங்கம்மா" என்றார் பூவனலிங்கம்.

"வேண்டாம்யா, இங்கனயே நல்லாக் கேக்குது."

மூன்று கூட்டத்துக்கும் சங்கரம்மாள் வேப்பமரத்தடியில் இருபதடி தள்ளியே நின்றாள். இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் சுவரில் இருந்த அறிவிப்பு கண்ணில் பட்டது, மூடிக்கொண்டாள். "பொதுமக்களின் பணிவு" என்று அறிக்கை அவளைப் பாராட்டியது.

கடைசி நாள் காலை வெளியூரிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். குழி தோண்டி, மணல் மூட்டை அடுக்கி, புஞ்சையில் கிடந்ததை வெடிக்கச் செய்துவிட்டுப் போனார்கள். ஒரு மணி நேர வேலை. மாலை நான்கு மணிக்குப் பூவனலிங்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வந்து சேர்ந்தது. வானம் கறுத்திருந்தது. விதைப்பு அனுமதி வாங்க, முதல் நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, சங்கரம்மாள் வாசற்படி ஏறினாள்.

பேனாவைத் திறந்த பூவனலிங்கம் பத்திரத்தைப் பார்த்தார். "மொதல்ல இத மாட்டுவோம். செண்பகராஜ், ஆணி அடியும்."

"சுத்தியல் இல்ல சார்."

"கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்க இரும்பு எதுக்குவே இருக்கு?"

செண்பகராஜ் அதை இரண்டு கையாலும் தூக்கி ஓங்கினார். கையெழுத்தில்லாத அனுமதி மேசையில் படபடத்தது. சங்கரம்மாள் அதை ஒரு தடவை பார்த்தாள்.

"அடிக்காதீக அண்ணாச்சி! எம் புஞ்சையில கெடந்த குண்டு ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ண மனுவுல எழுதினேன். இன்னொண்ண மொத நாளே கொண்டாந்து ஒப்படைச்சேன். சாக்க வாங்கி வச்சீக, நான் சொல்ல வந்ததத்தான் வாங்கல!"