ஏன் என்று கேட்காத கோர்ட்

ஒஹாயோ,
சோள அறுவடை முடிந்த மறுநாள்

அன்புத் தங்கை ஆர்லீனுக்கு அண்ணன் வெர்னன் எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். அந்த அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்காலும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை.

நம் ரோண்டா, டாரல் பிக்கெட் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவன் எப்போது பார்த்தாலும் சிரிக்கிறான். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் இத்தனை சிரிக்க மாட்டான் என்று எனக்குத் தூக்கம் போய்விட்டது, ஒரே பெண் அல்லவா, அதனால் அவன் பேரில் வழக்கு கிழக்கு உண்டா என்று பார்க்க நம் மாவட்டக் கவுண்டி கோர்ட்டுக்குக் கிளம்பினேன். எதற்கு என்று கேட்டால் வம்சாவளி எழுதுகிறேன் எனச் சொல்வதாக, அந்தப் பொய்யைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து, சர்ச் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலில் போய் நின்றால், குமாஸ்தா கிளெண்டா, "பேரு, வருஷம் சொல்லுங்கண்ணே. குத்த வழக்கா, சிவிலா?" என்கிறாள். அவ்வளவுதான்.

"ஏன்னு கேக்கலையேம்மா?"

"கேக்கக் கூடாதுண்ணே. யாரு வேணா யாரு வழக்க வேணா பாக்கலாம். சின்னப் பசங்களோடதும், ஜட்ஜு மூடி வைக்கச் சொன்னதும்தான் கிடையாது."

ஆர்லீன், எனக்குப் புல்லரித்துவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டேன். இந்த ராஜாங்கத்தில் என்னைப் போன்றவன் கேட்டால் ஒரு கோர்ட்டே எழுந்துபோய் எடுத்துத் தருகிறது.

"நடுப்பேரு, பொறந்த தேதி தெரியுமாண்ணே?"

"டாரல் பிக்கெட்டுன்னா ஊர்ல ஒருத்தன்தானேம்மா."

கணினியில் தட்டி வழக்கு எண் எடுத்து, ஒரு சீட்டில் என்னையே எழுதித் தரச் சொல்லி, கீழறையிலிருந்து வழக்குக் காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். லைசென்ஸ் இல்லாமல் ஓடையில் மீன் பிடித்தானாம், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டானாம். வேறொன்றும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முத்திரை வைத்த நகல் வாங்கிக் கோட்டுக்குள் வைத்த பிறகுதான் உறைத்தது.

"அப்ப என்னோடதையும் யாரு வேணா பாக்கலாமா?"

"தாராளமா. உங்களது ரெண்டு பெட்டி. இப்ப வாசிக்கிற மேசையில இருக்கு."

திரும்பினால், டாரலின் அம்மா நோர்மா மூக்குக்கண்ணாடியோடு என் பெட்டியில் மூழ்கியிருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? பக்கத்துவீட்டுச் சேவல் மேல் நான் போட்ட வழக்கு, வேலிக்காகப் போட்டது, சர்ச் விருந்தில் என் சூப்பைப் பழித்தவன் மேல் போட்டது, எல்லாம் அவள் கையில். கல்யாணம் போச்சு என்று தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"உக்காருங்க சம்பந்தி. சேவல் எப்படிக் கூவுச்சுன்னு கோர்ட்ல நீங்களே கூவிக் காட்டுனீங்களா?"

"ஜட்ஜு கேட்டாரும்மா."

"ரெண்டு தரம் கூவினார்னு எழுதியிருக்கு. உங்கள மாதிரி ஒரு ஆளு இல்லாமத்தான் எங்க குடும்பம் எல்லாக் கேஸுலயும் தோத்துச்சு."

நான் கூவியதைக்கூட இத்தனை வருடம் கரையானுக்குக் கொடுக்காமல் காத்து வைத்திருக்கிறார்கள், ஆர்லீன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணம் உறுதி. ஆண்டவர் உன் முழங்காலுக்கு எண்ணெய் வார்க்கட்டும், தவறாமல் வந்து சேர்.

உன் அண்ணன்,
வெர்னன் ஸ்டக்கி

பி.கு.: உறையை ஒட்டுமுன் டாரலும் நோர்மாவும் விருந்துக்கு வந்தார்கள். பையனுக்குப் பிடிக்குமே என்று மீன் பொரித்து வைத்தேன். "மீன் வாசனையே ஆகாதுங்க மாமா, தூண்டிலத் தொட்டதே இல்ல" என்று சிரிக்கிறான். அந்தக் கட்டு வேறு எவனோ டாரலுடையது. இவன் போன வருடம்வரை ஓடைக்கு அந்தப்பக்கம், அடுத்த கவுண்டியில் குடியிருந்தானாம். எதுவாயிருந்தாலும் அந்தக் கோர்ட்டில்தான் இருக்கும். நாளைக் காலை போகிறேன். நோர்மாவும் வண்டியில் வருகிறாள். "பெத்தவ நான்தான் சம்பந்தி, ஆனாலும் ஏன் இப்படிச் சிரிக்கிறான்னு எனக்கும் தெரியணும்" என்கிறாள்.