அயனம்பாக்கத்து நீலக் கோடு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஓசூரில் ஓய்வாக இருக்கும் உங்களைக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். ஆன்சன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சுகம். உங்கள் வீடும் சுகம், வாசல் கதவு மட்டும் இல்லை.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நம் தெரு எப்படி மாறியது என்பதைச் சுவரில் வரைய வேண்டும். வகுப்பு டீச்சர் என்பதால் பொறுப்பு எனக்கு. ஏரித் தண்ணீர் நின்ற இடத்தில் கட்டிய வீடுகளில் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்து, கீழே வீடு கட்டிய வருஷத்தை எழுதலாம் என்றாள் ஷர்மிளா என்ற மாணவி. சிவப்பில் போட்டால் வீடு இடிக்க அதிகாரிகள் வைத்த குறி என்று பயப்படுவார்கள் என நீலம் வாங்கினோம். வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்பது என் வேலை. எனக்குக் கூச்சம். எல்லோரும் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருந்த மத்தியானமாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். கேட்டாயிற்றா என்றார்கள். தலையாட்டினேன்.

சாயந்திரம் தெருவே கூடிவிட்டது. "செவப்பு காலியாயிருக்கும், அதான் நீலத்துல அடிச்சிகினு போயிருக்கான்" என்றார் வசந்தகுமாரி அக்கா. உங்கள் சுவரில் இருந்த 1998-ஐ வரிசை எண் என்று நினைத்து, இடிக்கும் வரிசையில் இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வீடு முன்னால் இருக்கிறது என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். உங்கள் வீட்டில் குடியிருக்கும் லட்சுமணன் அண்ணன் அந்த ஆறுதலை நம்பவில்லை. ஹவுஸ் ஓனர் சாரின் தேக்குக் கதவு புல்டோசரில் சிக்கக் கூடாது என்று நிலையோடு பெயர்த்து, செம்பரம்பாக்கத்தில் மச்சான் குடோனுக்கு ஏற்றிவிட்டார்.

அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்ச பொண்ணு, இன்னா எழுதிக்கீறான் பாரு" என்றார். குனிந்து என் கையெழுத்தையே பார்த்துவிட்டு, தெரியவில்லை அக்கா என்றேன்.

மறுநாள் கோட்டின் மேல் மீன் வரைய ஷர்மிளா தூரிகையோடு வந்து நின்றாள். எல்லாத் திட்டும் அவளுக்கு விழுந்தது. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் என்றேன், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். யாரும் திட்டவில்லை. "உன்னத்தான நம்பிக் கேட்டேன்" என்று மட்டும் அக்கா சொன்னார்.

அன்றைக்கே எல்லோரும் கோட்டை வெள்ளையடித்து மறைத்தார்கள். பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். உங்களைக் கேட்காமல் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டாராம், கதவைக் கழற்றிய லட்சுமணன் அண்ணன். அதனால் உங்கள் வீட்டுக்கு நானே பெயிண்டரிடம் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை வருவார். சனிக்கிழமை கதவும் வந்துவிடும். உங்கள் சுவரை முன்பிருந்தது போலவே ஆக்கித் தருவது என் கடமை.

பெரியம்மாவின் சுகருக்காகவும் உங்கள் முழங்காலுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

தலைகுனிந்து,
ரெனிதா

பி.கு.: பெயிண்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெருவில் மிச்சமிருப்பது உங்கள் சுவர்க் கோடு ஒன்றுதான். அடுத்த வாரம் பெற்றோர்கள் பார்க்க வரும்போது பிள்ளைகள் காட்ட வேறெதுவும் இல்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்கிறேன், பெரியப்பா: அதில் ஷர்மிளா ஒரு மீன் வரையட்டுமா?