லிஃப்டில் இறங்கிய நாற்பத்தேழாம் பக்கம்

“பக்கம் 47. லிஃப்ட் வேகம் பிடித்துக் கீழே இறங்கும்போது உள்ளே நிற்பவர் எடை கூடும் என்று அச்சாகியிருக்கிறது. குறையும். ஒரு மைனஸ் குறியைக் காணவில்லை. உடனே தேடித் தரவும்.”

போன ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, சித்தூரில் எங்கள் கோச்சிங் சென்டர் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த குறிப்பு இது. அனுப்பியவர், நாங்கள் மைனஸ் சார் என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர். திருப்பதியில் பெருமாளே எதிரில் வந்து நின்றாலும், சங்கு எந்தக் கையில் என்று சரிபார்த்துவிட்டுத்தான் கும்பிடுவார்.

பிச்சாட்டூர்க்காரர், இயற்பியல் எடுப்பவர். காய்கறிக்காரம்மா “ஒரு கிலோ எடை” என்றால், “எடையை நியூட்டன்ல சொல்லும்மா” என்பார். அந்தம்மா அவருக்கு மட்டும் முற்றிய வெண்டைக்காயாகப் பொறுக்கிப் போட்டாள்.

நாங்கள் பிள்ளைகளுக்கு அச்சடித்துத் தரும் மெட்டீரியல், வேறு மூன்று சென்டர்களின் மெட்டீரியலைப் பார்த்து எழுதியது. மூன்றின் தவறுகளும் அதில் பத்திரமாக இருந்தன. மாதிரித் தேர்வில் சரியான விடை எழுதிய பிள்ளைக்கு மார்க் குறையும்.

புத்தலப்பட்டிலிருந்து வந்து சென்டர் தொடங்கிய டைரக்டர் மைனஸ் சாரைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன், கெமிஸ்ட்ரி என்னுடையது.

“ஏமண்டி சார், பசங்க மனப்பாடமே பண்ணிட்டாங்க. இப்ப மாத்தினா கொழம்பிடுவாங்க.”

“தப்ப மனப்பாடம் பண்ணிக்கினு கீறாங்க சார்! லிஃப்டுல எடை மெஷின் வெச்சிக் காட்டட்டுமா?”

“காட்டுங்க. முள்ளு கொறஞ்சா பக்கத்த மாத்தறேன். கொறயலன்னா நீங்க வேற எடம் பாத்துக்குங்க.”

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆகவே ஹாஸ்டலின் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு மூவரும் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மூன்றாம் மாடியில் டைரக்டர் மெஷின்மேல் ஏறினார். என் முகத்தை ஒரு கல்யாண வீட்டாரின் புடவைப் பை மறைத்தது.

லிஃப்ட் கிளம்பியது. “பாருங்க சார், கொறயுது!” என்று மைனஸ் சார் கத்தினார். டைரக்டர் பார்க்கத்தான் முயன்றார், தொப்பை வழிவிடவில்லை. அதை உள்ளிழுத்து அவர் குனிந்து பார்த்தபோது, லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்பதற்காக வேகம் குறைந்துகொண்டிருந்தது. முள் ஜம்மென்று மேலே ஏறியது.

“ஏறுது பாருங்க! புக்கு கரெக்டு!”

“ஐயோ, இது நிக்கிற நேரம் சார்! நிக்கிறப்போ ஏறத்தான் செய்யும். இன்னொரு வாட்டி போலாம்!”

“துணி எடுக்கறவங்களுக்குத்தான் லிஃப்டு,” என்று லிஃப்ட்காரர் மெஷினை வெளியே நகர்த்தினார்.

அன்று மாலையே மைனஸ் சார் அறையைக் காலி செய்தார். பக்கம் 47 இன்றும் அப்படியே இருக்கிறது. சென்டர் வாசலில் ரேங்க் எடுத்தவர்களின் பேனரும் இருக்கிறது. அதே முகங்கள் பக்கத்து சென்டர் பேனரிலும் சிரிக்கின்றன.

கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அவர் பாடம் எடுப்பதாக ஒருவர் சொன்னார். சித்தூரிலேயே டியூஷன் என்கிறார் இன்னொருவர். இரண்டில் எது சரி என்று இதுவரை உறுதியாகவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன், என் மகளை அவரிடம்தான் சேர்க்க வேண்டும்.